வயதான நாயின் கால்வலி: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

பொன்னி எங்கள் வீட்டு லாப்ரடார். பத்து வயது வரை, சாயங்காலம் ஆனால் எனக்கு முன்னால் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள். ஒரு மார்கழியில் ஏறுவதை நிறுத்தினாள். கீழ்ப்படியில் நின்று என்னைப் பார்ப்பாள், வாலாட்டுவாள், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வாள். "வயசாயிடுச்சு, விடுங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் விட்டுவிட்டோம். ஆறு மாதம் கழித்துத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் அவளுடைய பின்தொடைகளைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா வலியில இருக்கு?" என்று கேட்டார். தொடைச் சதை கரைந்து எலும்பு தட்டுப்பட்டது. வலிக்கிற காலில் பாரம் போடாமலே இருந்து இருந்து கரைந்த சதை அது.

வலித்தால் நாய் கத்தும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நாள்பட்ட வலிக்கு நாய் கத்துவது அபூர்வம். வழக்கமாகச் செய்ததை ஒவ்வொன்றாக விடும். படி ஏறாது, கட்டிலில் தாவாது, வாசலுக்கு ஓடிவராது, சிறுநீர் கழித்ததும் வீடு திரும்பப் பார்க்கும். இதையெல்லாம் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பெரிய இன நாய்களுக்கு ஏழெட்டு வயதிலும், சின்ன இனங்களுக்குப் பத்துப் பதினோரு வயதிலும் முதுமை தொடங்குகிறது, சரி. ஆனால் வலிக்கு வயது மட்டும் காரணமாக இருக்காது. வயதோடு வந்த ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். அது எது என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஏதாவது செய்ய முடியும். பொன்னியோடு கற்றுக்கொண்டதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். மருந்தையும் அளவையும் உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

இவற்றில் எது இருந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் உடனே கிளம்புங்கள்:

பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து, நாய் உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறது. பாதமும் சில்லென்று இருந்தால் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம்.

கால் கோணலாகத் தொங்குகிறது, ஊன்றவே முடியவில்லை.

கால் தள்ளாட்டத்தோடு சிறுநீர் போக முடியவில்லை, அல்லது தன்னறியாமல் ஒழுகுகிறது.

வலி மாத்திரை சாப்பிடும் நாய்க்குத் தார் மாதிரிக் கறுப்பாக மலம் போகிறது, அல்லது வாந்தி நிற்கவில்லை.

மனிதருக்கான வலி மாத்திரை நாயின் வயிற்றுக்குள் போய்விட்டது. நீங்களே கொடுத்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கடைசியில் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்து மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். கடையில் கிடைக்கும் பல வலி மாத்திரைகளில் இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். மெலாக்சிகாம் நாய்க்கும் கொடுக்கிற மருந்துதானே என்று சிலர் கேட்பார்கள். நாள்பட்ட வலிக்கு அது ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்படுகிறது. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம். மனிதருக்கான மாத்திரை 7.5, 15 மில்லிகிராமில் வருகிறது. ஒரு மாத்திரையைப் போட்டால் ஒரு வாரத்து மருந்து ஒரே வேளையில் போய்விடும்.

தைலமும் வேண்டாம். கற்பூரமும், வலி தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் நாய்க்கு நஞ்சு. தடவிய இடத்தை அது நக்காமல் விடாது.

டாக்டரிடம் போகும் முன் வீட்டில் பார்க்க வேண்டியது

முதலில் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரி வாசனையும் மற்ற நாய்களின் சத்தமும் பட்டதும் பயத்தில் வலி மறந்துபோய், வீட்டில் நொண்டிய நாய் அங்கே ஒழுங்காக நடக்கும். பொன்னி அப்படித்தான் முதல் டாக்டரை ஏமாற்றினாள். நாய் உங்களை நோக்கி வருவது, விலகிப் போவது, பக்கவாட்டில் நடப்பது, படுக்கையிலிருந்து எழுவது, இந்த நான்கும் அரை அரை நிமிடம் போதும். எழுவதைக் காலையில் முதல்முறை எழும்போதே எடுத்துவிடுங்கள்.

எந்தக் கால் என்று தெரியவில்லையா? தலையைப் பாருங்கள். முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். பின்னங்கால் வலித்தால் அந்தப் பக்கத்து இடுப்பு மற்றதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வலித்தால் நொண்டலே தெரியாது. அப்போது நடை குறுகும், முதுகு வளையும், ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரி எடுத்து வைக்கும். நாயின் பாரத்தில் அறுபது சதவீதத்துக்குப் பக்கம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. பின்னால் வலிக்கிற நாய் இன்னும் முன்னால் சாய்ந்து நிற்பதால் தோள் பருத்து, பின்பக்கம் சூம்பி இருக்கும்.

அப்புறம் தொட்டுப் பாருங்கள். பாதத்திலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். விரலிடுக்கில் நெருஞ்சி முள், பிளந்த நகம், வளைந்து சதைக்குள் ஏறிய கட்டைவிரல் நகம், இவையே பல நேரம் காரணமாக இருக்கும். அடுத்து ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். நாய் தலையைத் திருப்பிப் பார்த்தாலோ, உதட்டை நக்கினாலோ, திடீரென்று மூச்சை அடக்கினாலோ அங்கே வலிக்கிறது என்று பொருள். அதற்கு மேல் அழுத்த வேண்டாம். தையல் டேப்பால் இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்து குறித்து வையுங்கள்.

கடைசியாக நரம்புச் சோதனை. நாயை நிற்க வைத்து, வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கி, பின்பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு சரியாக இருந்தால் உடனே பாதத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். மடங்கிய பாதத்தோடு அப்படியே நின்றால் பிரச்சினை மூட்டோடு முடியவில்லை. கீழே ‘நகம் தரையில் உரசுகிறது’ என்ற பகுதிக்குப் போங்கள்.

எழும்போது விறைப்பு, பத்தடி நடந்தால் சரியாகிறது

வயதான நாய்களில் அதிகம் காண்பது இதுதான். மூட்டுத் தேய்மானம். காலையில் எழ நாலைந்து முயற்சி, முதல் சில அடிகள் மரக்கால் மாதிரி, பிறகு இளகி நடக்கும். குளிர்காலத்தில் கூடும். ஞாயிற்றுக்கிழமை அதிகம் ஓடவிட்டால் திங்கட்கிழமை எழாது. இளவயதிலேயே இடுப்பு மூட்டின் கிண்ணம் சரியாகப் பொருந்தாத லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களுக்கு இது சீக்கிரம் வரும். நாட்டு நாய்க்கும் வரும், பழைய விபத்தில் அடிபட்ட மூட்டு இருந்தால் நிச்சயம் வரும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் நாய் படும் வலியும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. படம் மோசமாக இருந்தும் ஓடுகிற நாய் உண்டு.

இதற்கு என்ன செய்வது? முதலில் எடை. எல்லோரும் மருந்தைத்தான் முதலில் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். பொன்னி அப்போது 36 கிலோ. டாக்டர் சீட்டு எழுதுவதற்கு முன் அவள் விலாவில் என் கையை வைத்து, "எலும்பு தட்டுதா?" என்றார். தட்டவில்லை. மெல்லிய துணிக்கடியில் இருப்பது மாதிரி விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். உடல் எடையில் ஆறேழு சதவீதம் குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. 36 கிலோவுக்கு அது இரண்டரைக் கிலோதான். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாக வளர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்கள் ஏறத்தாழ 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தள்ளித்தான்.

நம் வீடுகளில் எடை ஏறுவது சாப்பாட்டுத் தட்டில் மட்டும் இல்லை. காலையில் தாத்தா போடும் மேரி பிஸ்கட், பத்து மணிக்கு மிச்ச இட்லி, மதியம் தயிர்சாதம், சாயங்காலம் பால். எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க யார் என்ன போட்டார்கள் என்று எழுதி வைத்தோம். எழுதிய தாளை அம்மா படித்துவிட்டுச் சும்மா இருந்தார். மறுநாளிலிருந்து பிஸ்கட் நின்றது. சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட் போட்டோம். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடாது. தட்டு நிறைந்திருந்ததால் அவள் பெரிதாகக் கேட்கவில்லை. எடை பார்க்க வீட்டுத் தராசு போதாது. அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் மாதம் ஒருமுறை ஏற்றுவோம். ஏழு மாதத்தில் 31 கிலோவுக்கு வந்தாள்.

மருந்துக்கு வருவோம். கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் மாதிரி, வீக்கத்தோடு வலியையும் குறைக்கும், ஸ்டீராய்டு அல்லாத மருந்துகள்தான் இதற்கு அடிப்படை. உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் அதே வகைப் பொருள்கள்தான் இரைப்பைச் சுவரையும் சிறுநீரக ரத்த ஓட்டத்தையும் காக்கின்றன. மருந்து அவற்றைக் குறைக்கும்போது காப்பும் குறைகிறது. அதனால்தான் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். செலவு என்று தள்ளிப் போடாதீர்கள். சாப்பாட்டோடு கொடுங்கள், தண்ணீர் எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும். இந்த வகையில் இரண்டை ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது, ஸ்டீராய்டோடும் சேர்க்கவே கூடாது. தோல் அரிப்புக்கு வேறொரு இடத்தில் ஊசி போட்டிருந்தால், அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்று கேட்டு, இந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடைக்கு ஒரு கணக்கு உண்டு. தினமும் ஒரே அளவு, குறைவான நேரம், அதிக தடவை. அரை மணி நேரம் ஒரே நடையைவிடப் பத்து நிமிடம் மூன்று தடவை மேல். நடக்காமலே வைத்தால் சதை கரைந்து, மூட்டைத் தாங்க ஆளில்லாமல் வலி கூடும். மண் தரை நல்லது. பந்து எறிந்து பிடிக்க வைப்பதை நிறுத்திவிடுங்கள், அந்தத் திடீர்த் திருப்பம்தான் மூட்டைக் கொல்லும். வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அது நாய் நடக்கிற ரோடு இல்லை.

காலையில் விறைப்பு இறங்க ஒத்தடம் உதவும். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் சூடு பொறுக்கிறதா என்று பார்த்து, மூட்டின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால் வெந்நீர் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ்தான்.

மஞ்சள், குளுக்கோசமின் இரண்டையும் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மஞ்சள் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை, சமையல் அளவில் கெடுதலும் இல்லை. குளுக்கோசமினுக்கு ஆதாரம் பலவீனமானது. பணம் அளவாக இருந்தால் அதை மீன் எண்ணெய்க்குச் செலவழியுங்கள், அதிலுள்ள ஒமேகா 3 கொழுப்புக்கு ஆதாரம் நன்றாக இருக்கிறது. நாங்கள் வாரம் மூன்று நாள் மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுத்தோம். மத்தி வந்த நாளில் அடுக்களை வாசலைவிட்டு நகரமாட்டாள்.

ஒரு பின்னங்காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டது

பாதத்தில் முள் இல்லை, நகமும் சரி என்றால் முழங்காலைச் சந்தேகிக்க வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார், மனிதர்களுக்கு விளையாட்டில் அறுவது போல, வயதான நாய்க்குப் பெரிய அடி ஏதும் இல்லாமலே நைந்து நைந்து அறுந்துவிடும். நிற்கும்போது விரல்நுனி மட்டும் தரையில் படும். உட்காரும்போது அந்தக் காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்காரும். முழங்காலின் உள்பக்கம் தடித்திருக்கும். சின்ன நாய்கள் சில வாரக் கட்டாய ஓய்விலும் மருந்திலும் ஓரளவு தேறிவிடுவதுண்டு. பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை பேசுவார்கள். சென்னை வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். தனியாரில் கேட்ட தொகையைப் பார்த்து மலைத்துப் போய் நாயை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு பக்கம் அறுந்த நாய்களில் பாதிக்குப் பக்கம் மறுபக்கமும் பின்னால் அறுகிறது. ஆகவே எடை விஷயம் இங்கேயும் முதலில் வருகிறது.

இன்றைக்கு ஒரு கால், நாலு நாள் கழித்து இன்னொரு கால்

நொண்டல் இடம் மாறுகிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது, உடம்பு சுடுகிறது என்றால் மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். நம் ஊரில் இது உண்ணிக் காய்ச்சலாக இருக்க நிறைய வாய்ப்பு. உண்ணி கடித்து எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் ஏறினால் பல மூட்டுகளில் ஒரே நேரத்தில் அழற்சி வரும். ஈறு வெளுத்திருக்கிறதா, மூக்கில் ரத்தம் வந்ததா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையும் கிருமிக்கான சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுக்கப்படுகிறது. நாலாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும், அப்போது நிறுத்திவிடக் கூடாது. வெறும் வயிற்றில் விழுங்க வைக்காதீர்கள், மாத்திரை தொண்டைக்குக் கீழே தங்கினால் புண்ணாக்கும்.

நாயின் உடம்பில் உண்ணி பொறுக்கினால் மட்டும் போதாது. பழுப்பு உண்ணி சுவர் விரிசலிலும், படுக்கை மடிப்பிலும், கூண்டின் மூலையிலும் முட்டையிடுகிறது. அந்த இடங்களையும் பார்க்க வேண்டும்.

நகம் தரையில் உரசுகிறது, பின்னங்கால்கள் பின்னிக்கொள்கின்றன

நடக்கும்போது சர்க் சர்க் என்று சத்தம், நடுவிரல் நகங்களின் மேற்புறம் தேய்ந்திருக்கிறது, திரும்பும்போது பின்பக்கம் சாய்ந்து விழுகிறது. மேலே சொன்ன நரம்புச் சோதனையிலும் பாதம் மடங்கியே நிற்கிறது. இது முதுகுத்தண்டு விவகாரம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, வலி உண்டா இல்லையா என்பது.

வலி உண்டென்றால் முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தலாம். டாஷ்ஹண்டுக்கு இது அதிகம். வாலைத் தூக்கினால் வலியில் சுருங்கும் பெரிய நாய்க்கு இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தில் நரம்பு நெரிபடலாம். இந்த நாய்களைக் குதிக்க விடாதீர்கள், கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை போடுங்கள், சீக்கிரம் காட்டுங்கள்.

வலியே இல்லாமல் பின்பக்கம் மெல்ல மெல்லச் சோர்ந்து போவது வேறு. ஜெர்மன் ஷெப்பர்டில் எட்டு வயதுக்கு மேல் வரும் முதுகுத்தண்டு நலிவு நோய் அப்படிப்பட்டது. அதை நிறுத்தும் மருந்து இல்லை. வலி மாத்திரை அதற்கு உதவாது. தினசரி பயிற்சியும், நீச்சலும், வழுக்காத தரையும், பாதத்துக்கு உறையும் அது காலில் நிற்கும் நாட்களை நீட்டும்.

லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னங்கால் தளர்ச்சியோடு குரைப்பு கரகரத்துப் போனால், மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால், குரல்வளை நரம்பும் சேர்ந்து தளர்கிறது. அந்த நாய்க்குச் சித்திரை வெயிலில் உச்சிநேர நடை உயிராபத்து.

எலும்பின் மேல் ஒரே இடத்தில் கெட்டியான வீக்கம்

பெரிய இன நாய். மணிக்கட்டுக்கு மேலே, தோளுக்குக் கீழே, அல்லது முழங்காலை ஒட்டி வீக்கம். நொண்டல் வாரத்துக்கு வாரம் கூடுகிறது, வலி மாத்திரை கேட்கவில்லை. எலும்புப் புற்றுநோய் இப்படித்தான் வரும். ராட்வைலர், கிரேட் டேன் போன்ற இனங்களுக்கு இது அதிகம். உருவிவிடுவது, ஒத்தடம், நாட்டு வைத்தியக் கட்டு எதுவும் வேண்டாம். அரித்துப்போன எலும்பு அழுத்தத்தில் முறியும். அந்த வாரமே எக்ஸ்ரே.

வீட்டுக்குள் வழுக்கி விழுகிறது

வெளியே மண்ணில் நன்றாக நடக்கிற நாய் வீட்டு டைல்ஸில் தயங்கி நிற்கிறதா? தரையை மாற்றுங்கள். வழுக்கும்போது கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, நோயுள்ள இடுப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக அடிபடுகிறது. பொன்னிக்கு எல்லா மருந்தையும்விட அதிகம் செய்தது தென்னைநார் மிதியடிதான் என்று சொல்வேன். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல், இந்த வழி முழுக்க மிதியடியும் பழைய யோகா விரிப்பும் போட்டு, அடியில் ரப்பர் ஒட்டினோம். சாக்கைப் போடாதீர்கள், அது சறுக்கும். விரலிடுக்கு முடியை வெட்டிவிடுங்கள். டைல்ஸில் நடக்கும்போது நகம் டக்டக் என்று கேட்டால் நகம் நீளம்.

படுக்கைக்கு மூன்று நாலு அங்குலக் கெட்டி ஃபோம். மெத்தென்று அமுங்குகிற படுக்கையிலிருந்து எழுவது இன்னும் கஷ்டம். தட்டையும் தண்ணீரையும் மார்புயர ஸ்டூலில் வைத்தால் சாப்பிடும்போது குனிந்து தாங்க வேண்டியிருக்காது. ஆட்டோவிலோ காரிலோ ஏற்றும்போது முன்னங்காலைப் பிடித்து இழுக்காமல், ஒரு கை மார்புக்குக் கீழ், ஒரு கை பின்தொடைக்குப் பின்னால் கொடுத்துத் தூக்குங்கள். தீபாவளிக்கு முன்பே ஓர் அறையை ஏற்பாடு செய்து வையுங்கள். வெடிச் சத்தத்தில் தலைதெறிக்க ஓடி வழுக்கி, ஒரே இரவில் ஒரு வருடத் தேற்றத்தை இழந்த நாயை எனக்குத் தெரியும்.

ராத்திரி தூங்காமல் இரைக்கிறது, இடம் மாறி மாறிப் படுக்கிறது

வெயில் இல்லை, நடக்கவும் இல்லை, ஆனாலும் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறது என்றால் வலியாக இருக்கலாம். பகலில் கவனம் சிதற ஆயிரம் விஷயம் உண்டு, ராத்திரி ஒன்றுமில்லை. இதயக் கோளாறு, வயோதிக மறதி இரண்டிலும் இதே மாதிரி நடக்கும் என்பதால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். வலிதான் என்றால் மருந்து வேளையை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பல வருடம் ஓடிய வலியில் நரம்புகளே வலியைப் பெரிதாக்கிக் காட்டப் பழகிவிடும். அதற்குக் கபாபென்டின் சேர்ப்பதுண்டு. முதல் சில நாள் தள்ளாட்டமும் தூக்கமும் வரும், பயப்பட வேண்டாம். மனிதருக்கான சிரப்பை வாங்காதீர்கள், அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம், நாய்க்கு அது நஞ்சு. நீண்ட நாள் கொடுத்த பின் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது.

தொட்டால் உறுமுகிறது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது

இரண்டும் வலியின் மொழிதான். திட்டாதீர்கள். பேரப்பிள்ளைகள் மேலே ஏறி விளையாடுவதை அன்றே நிறுத்துங்கள். நக்கிய இடம் புண்ணாகியிருந்தால் புண்ணுக்கு மருந்து போட்டால் மட்டும் ஆறாது, அடியிலிருக்கும் மூட்டைப் பார்க்க வேண்டும்.

மருந்து கொடுத்தும் முன்னேற்றம் இல்லை

பதறி டாக்டரை மாற்றுவதற்கு முன் சில கேள்விகள். தினமும் கொடுத்தீர்களா, நொண்டும் நாளில் மட்டும் கொடுத்தீர்களா? இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் கொடுத்தால்தான் இந்த மருந்து கேட்கிறதா இல்லையா என்று தெரியும். அளவு இன்றைய எடைக்கா, இரண்டு வருடத்துக்கு முந்தைய எடைக்கா? மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா? பொன்னி இரண்டு வாரம் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து வாசல் செடியடியில் துப்பியிருக்கிறாள். நல்ல நாளில் சந்தோஷப்பட்டு நீங்கள் அதிகம் நடக்க வைத்துவிட்டீர்களா?

எல்லாம் சரி என்றால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது இரண்டு நோய் இருக்கலாம். பரிசோதனைகளை மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் என்ற ஊசி ஐரோப்பாவிலும், 2023 முதல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றிருக்கிறது. சில நாய்களுக்குத் தள்ளாட்டம், வலிப்பு வந்ததால் 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை டாக்டர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. யாராவது இதைப் பரிந்துரைத்தால் நரம்புப் பிரச்சினை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு முடிவெடுங்கள்.

எழுந்து நிற்கவே முடியவில்லை

நீளமான துண்டை வயிற்றுக்கடியில், பின்தொடைக்கு முன்னால் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் நாய் தன் முன்னங்காலால் நடக்கும், நீங்கள் பின்பாரத்தைத் தாங்கலாம். படுத்தே இருக்கும் நாயை மூன்று நாலு மணிக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்பிப் போடுங்கள். முழங்கை, இடுப்பெலும்பு, தோள் எங்காவது சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். படுக்கைப்புண் ஒரு ராத்திரியில் தொடங்கிவிடும். சிறுநீரில் நனைந்த தோலைக் கழுவி ஈரம் ஒற்றிவிடுங்கள். கோடையில் ஈ மொய்த்து முட்டையிட்டால் புழு வைக்கும், கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் மாதக் காலண்டர் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் நல்ல நாளா, கெட்ட நாளா என்று ஒரு குறி போட்டு வாருங்கள். தானாகச் சாப்பிட்டதா, வாலாட்டியதா, வலியில்லாமல் தூங்கியதா, இவ்வளவுதான் கணக்கு. மனசு ஏமாற்றும், குறி ஏமாற்றாது. எங்கள் காலண்டரில் முதலில் வாரத்துக்கு ஒரு பெருக்கல் குறி இருந்தது. பதின்மூன்றாவது வயதின் ஆவணியில் வாரத்துக்கு ஐந்து ஆனது.

ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைப்பது பற்றி டாக்டரிடம் பேச அந்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். வீட்டுக்கே வந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். யார், எந்த நேரத்தில் வருவார்கள், முதலில் மயக்க மருந்து கொடுப்பார்களா என்று நாய் நன்றாக இருக்கும்போதே கேட்டு, நம்பரை எழுதி வையுங்கள். நாங்கள் கேட்டு வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பொன்னி தென்னைநார் மிதியடியில் கிடந்து இரைத்துக்கொண்டிருக்க, நான் எட்டுப் பேருக்குப் போன் செய்தேன். எட்டாவது ஆள் எடுத்தார். அவர் வந்து சேர விடிகாலை நாலு மணி ஆயிற்று.